பெட்டிக்குள் இருப்பவர்கள்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் கடலாடியில் என் தாய்வழிப் பாட்டனாரின் வீட்டை இடித்தார்கள். இடிப்பதற்கு இரண்டு நாள் முன்னதாக மாமா தொலைபேசியில் அழைத்தார். "மாப்ளே, மச்சுல ஒரு தகரப் பெட்டி கெடக்கு. பூராவும் பழைய காயிதம். எடைக்குப் போடச் சொல்லியிருக்கேன். நீதான் இதையெல்லாம் படிக்கிற ஆளாச்சே, வந்து பாத்துட்டுப் போ" என்றார். மதுரையிலிருந்து மறுநாள் காலைப் பேருந்தைப் பிடித்தேன்.

பாட்டனாருடையது அந்த வட்டாரத்தில் பெயர் சொல்லும் குடும்பமாக இருந்தது. கருப்பட்டி வியாபாரம், கொஞ்சம் நிலம், கொஞ்சம் கொடுக்கல் வாங்கல். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் தெரிந்துகொள்ளக்கூடியவர்கள் ஊரில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். கடலாடியின் செம்மண்ணிலும் மணலிலும் பனையைத் தவிர வேறெதுவும் மனிதனை நம்பி வளர்ந்ததில்லை. பின்னாளில் வந்த சீமைக் கருவேலம் மனிதனை நம்பாமலே வளர்ந்தது. பனையை நம்பியிருந்த காலத்தின் கணக்குகள்தாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன.

பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டையின் நெடிக்குப் பதிலாக வேப்பிலைத் தூளின் வாடை வந்தது. யாரோ, அநேகமாகப் பாட்டி, ஒரு காலத்தில் வேப்பிலையை உலர்த்தி இடையிடையே போட்டு வைத்திருக்கிறார். துணியில் கட்டிய பேரேடுகள் ஒன்பது. முத்திரைத்தாளில் எழுதிய கிரயப் பத்திரங்கள். கம்பியில் கோத்த தீர்வை ரசீதுகள். கொழும்பிலிருந்து பாட்டனாரின் தம்பி எழுதிய அஞ்சலட்டைகள். அவை தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடிய நாட்களில் வந்தவை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது கரையோர ஊர்களில் எத்தனை வீடுகளின் இப்படியான பெட்டிகள் கடலுக்குள் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். கடைசியாக ஒரு கட்டு புரோநோட்டுகள். ஒவ்வொன்றின் கீழும் ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை.

தீர்வை ரசீதுகளில் இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. 1803இல் கும்பெனியார் மங்களேஸ்வரி நாச்சியாருக்கு நிரந்தர ஜமீனாக எழுதிக்கொடுத்த சீமை அது. 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை எங்கள் பாட்டனார் போன்றவர்கள் தீர்வை கட்டியது அரண்மனைக்குத்தான். எங்கள் பெட்டியின் காகிதங்கள் ஒரு பெரிய மரத்தின் கடைசி இலைகள் என்றால், அதன் வேர் முப்பது மைல் தொலைவில் இராமலிங்க விலாசத்தில் இருந்தது. ஆகவே பெட்டியைப் புரிந்துகொள்ள நான் முதலில் படிக்கத் தொடங்கியது சேதுபதிகளின் ஆவணங்களைப் பற்றியே.

சேதுபதி குடும்பத்தின் ஆவணங்கள் என்றால் நாம் ஓர் அரண்மனை அறையைக் கற்பனை செய்துகொள்கிறோம். ஆனால் அவர்களுடைய மிகப் பழைய எழுத்துகளில் பெரும்பகுதி அவர்கள் வீட்டில் இருக்கவில்லை. செப்பேடு என்பது கொடுத்தவர் வைத்துக்கொள்ளும் பொருளன்று, பெற்றவர் வைத்துக்கொள்வது. கோயில்களிலும் மடங்களிலும் பள்ளிவாசல்களிலும் புலவர்களின் சந்ததியார் வீடுகளிலும் அவை சிதறிக் கிடந்தன. இராமநாதபுரத்து ஆய்வாளர் எஸ்.எம். கமாலும், தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புலவர் செ. இராசுவும் அவற்றைத் தேடிப் படித்துத் தொகுத்து 1990களில் நூல்களாக்கினார்கள். அந்தத் தொகுப்புகளைப் படிக்கும்போது முதலில் கண்ணில் படுவது மன்னரின் பட்டங்கள். பக்கம் பக்கமாக விருதுப் பெயர்கள். அவற்றைப் பொறுமையாகக் கடந்து உள்ளே போனால்தான் ஊர் எல்லைகளும், இன்ன வரி இன்னாருக்கு என்ற ஏற்பாடுகளும், தொழில் செய்தவர்கள் மீது விதிக்கப்பட்ட மகமைகளும் தென்படுகின்றன. மன்னர் தம் புகழை எழுதச் சொன்னார். எழுதியவர் போகிற போக்கில் ஊரையும் எழுதிவிட்டார். இன்று நமக்கு வேண்டியிருப்பது பெரும்பாலும் அந்தப் போகிற போக்கில் எழுதியதுதான்.

காகிதக் காலம் வந்தபின் நிலைமை மாறுகிறது. ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட செய்திகளைச் சேர்த்து வைக்கும் பொறுப்பை நீதிமன்றம் எடுத்துக்கொள்கிறது. ராமசாமி சேதுபதி 1830இல் ஆண் வாரிசு இன்றி இறந்தார். அவருடைய மனைவி இராணி பர்வதவர்த்தனி நாச்சியார் 1847இல் முத்துராமலிங்கத்தைத் தத்தெடுத்தார். கணவனின் அனுமதியின்றி ஒரு விதவை தத்தெடுக்கலாமா என்ற கேள்வி மதுரைக் கலெக்டரின் கச்சேரியில் கிளம்பிக் கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. கணவனின் நெருங்கிய உறவினர்கள் சம்மதித்தால் தென்னாட்டு வழக்கப்படி அந்தத் தத்து செல்லும் என்று 1868இல் தீர்ப்பு வந்தது. இந்துச் சட்ட நூல்கள் எல்லாவற்றிலும் இடம்பெற்ற தீர்ப்பு. அதைக் கேட்க இராணி உயிரோடு இல்லை. 1862லேயே அவர் காலம் முடிந்துவிட்டது. ஓர் அந்தப்புரத்தின் துக்கமும் அச்சமும் பிடிவாதமும், அவற்றைப் பார்த்தே இராத அந்நிய நீதிபதிகளின் மேசையில் அச்சுத்தாள்களாகப் போய்ச் சேர்ந்ததுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. வழக்கு நடக்காமல் இருந்திருந்தால் அந்த அம்மையாரைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்?

தத்துப் பிள்ளையின் மகன்தான் பாஸ்கர சேதுபதி. தீர்ப்பு வந்த அதே 1868இல் பிறந்தவர். விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்கு ஊக்கமளித்தவராகவும், 1897 ஜனவரியில் அவர் பாம்பனில் கரையிறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்றவராகவும் நாம் பள்ளிப்பாடத்திலேயே அறிந்தவர். 1893ஆம் ஆண்டு அவர் எழுதிய நாட்குறிப்பு ஒன்று தப்பிப் பிழைத்து ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. வாழ்க்கையில் தாம் நிறைவேற்ற விரும்புபவற்றை இருபத்து நான்கு வயதில் அதில் அவர் பட்டியலிட்டிருக்கிறார். கேட்டவர்க்கு இல்லை என்னாத வள்ளலாகவே ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது. கடனில் மூழ்கித் தவித்த மனிதரை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, காகிதங்கள்தாம் வைத்திருக்கின்றன. 1903இல், முப்பத்தைந்து வயதில் அவர் இறந்தார்.

அவருடைய காலத்து வழக்குக் கட்டு ஒன்று எங்கள் ஊருக்கு மிக அருகிலிருந்து கிளம்பியது. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் நாடார் சமூகத்தார் நுழைந்ததை எதிர்த்து, கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். 1899இல் மதுரைச் சார்பு நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகள் சென்னை உயர்நீதிமன்றத்தைக் கடந்து இலண்டனுக்குப் போயின. 1908இல் பிரிவி கவுன்சிலும் அதே தீர்ப்பை உறுதிசெய்தது. அநியாயமான தீர்ப்பு என்பதில் இன்று யாருக்கும் ஐயமிராது. ஆனால் அந்த வழக்கில் இருதரப்பாரும் சொன்ன சாட்சியங்களைக் கொண்டே அந்தக் காலத்துச் சீமையின் வாழ்க்கையை அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். யார் எந்தத் தெருவில் நடந்தார்கள், எந்த மண்டபம் வரை போனார்கள், யார் வீட்டுச் சடங்குக்கு யார் வந்தார்கள் என்பவற்றை யாரும் வரலாறாக நினைத்துச் சொல்லவில்லை. தடுப்பதற்காகவும் தடையை உடைப்பதற்காகவும் சொன்னார்கள். காகிதம் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டது.

சிற்றூர்ப் பெரிய வீடு ஒன்றின் ஆவணங்கள் எவ்வளவு தூரம் பேசும் என்பதற்குச் சேதுபதிகளைவிடப் பொருத்தமான உதாரணம் தெற்கே, நாஞ்சில் நாட்டில் இருக்கிறது. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பம் அரசகுடும்பம் அன்று. திருவிதாங்கூர் அரசர்களுக்கும் நாஞ்சில் நாட்டாருக்கும் இடையே நின்று அதிகாரம் செலுத்திய குடும்பம். அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த ஓலைகளின் மதிப்பை முதலில் உணர்ந்து படித்தவர்களில் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை முக்கியமானவர். பிறகு அ.கா. பெருமாள் அவற்றை 'முதலியார் ஓலைகள்' என்ற பெயரில் நூலாக்கினார். வரி, நிலம், படையெடுப்பால் நேர்ந்த அழிவு எனப் பலவும் அவற்றில் உண்டு. அடிமைகளை விற்றதற்கும் வாங்கியதற்குமான ஓலைகளும் உண்டு.

அந்த ஓலைகளைப் பற்றிப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிலத்தை எழுதுவதுபோலவே மனிதர்களையும் விலை பேசி எழுதியிருக்கிறார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதன் பிறகு அந்த ஓலைகளுக்குச் சொத்து என்ற வகையில் ஒரு காசுக்கும் பயனில்லை. வெட்கப்பட்டு யாராவது அடுப்பில் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அந்த மனிதர்கள் இரண்டாம் முறையும் இல்லாமல் போயிருப்பார்கள். அவர்களுக்கென்று பெட்டி இல்லை, மச்சு இல்லை, வேப்பிலைத் தூள் போட்டுப் பாதுகாக்கப் பாட்டியும் இல்லை. தங்களை விற்றவர்களின் வீட்டு ஓலையில்தான் அவர்கள் இருந்தாக வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு மறுபடியும் எங்கள் பெட்டிக்குத் திரும்பினேன். இப்போது பேரேட்டில் பாட்டனாரின் வரவைப் பார்ப்பதை விட்டுவிட்டு, யார் பெயரில் பற்று எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

பனையேறிகளுக்குப் பருவம் தொடங்குமுன் மாசி மாதத்தில் முன்பணம் கொடுப்பார்கள். வாங்கியவர் அந்தப் பருவத்துக் கருப்பட்டி முழுவதையும் முன்பணம் கொடுத்தவருக்கே போட வேண்டும். விலையைச் சொல்கிறவரும் அவரே. ஆடியில் கணக்குப் பார்க்கும்போது பெரும்பாலும் ஏதாவது நின்றுபோகும். நின்றது அடுத்த மாசியில் புதுக் கணக்கின் முதல் வரியாக ஏறும். ஒன்பது பேரேடுகளிலும் இந்தச் சக்கரம் சுழல்கிறது. பாட்டனாரின் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். ஒரு கூட்டல் பிழைகூட நான் காணவில்லை.

அவற்றில் ஒரு பெயரை எனக்குத் தெரியும். அவருடைய பேரன் என்னோடு கடலாடியில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். பிறகு ஆசிரியராகி அண்மையில் ஓய்வு பெற்றார். அவருடைய தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. குடித்தே அழித்தவர், பனங்காட்டைத் தானே வந்து கொடுத்தார், ஐயா இரக்கப்பட்டு நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டார் என்று. அந்தப் பனங்காடு எங்கள் சிறுவயதில் நாங்கள் நுங்கு வெட்டிய இடம்.

பெட்டியில் அதற்குரிய காகிதங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, 1932 மாசியில் அறுபது ரூபாய்க்கு எழுதிய புரோநோட்டு. மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி. இரண்டாவது, 1937 ஆவணியில் எழுதிய கிரயப் பத்திரம். அறுபத்தாறு மாத வட்டி ஐம்பத்தொன்பது ரூபாய் சில்லறை. அசலோடு சேர்த்து நூற்று இருபதுக்குச் சற்றே குறைவு. நிலத்தின் கிரயம் நூற்று இருபது என்று எழுதி, கடனுக்கு ஈடாகக் கழித்திருக்கிறார்கள். கையில் கொடுத்தது பத்தணாவுக்கு மேல் இராது. இடையில் ஐந்து பருவங்கள் அவர் போட்ட கருப்பட்டி அந்தந்த ஆண்டு முன்பணத்துக்கே சரியாகப் போயிருக்கிறது.

1938இல் இராஜாஜியின் அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1937 அக்டோபர் முதல் தேதியன்று விவசாயிகள் தர வேண்டியிருந்த வட்டி பாக்கியை அந்தச் சட்டம் தள்ளுபடி செய்தது. பத்திரம் எழுதியது அதற்குச் சில வாரங்களுக்கு முன். அந்த ஆண்டு ஜூலையில்தான் காங்கிரஸ் அமைச்சரவை பதவியேற்றிருந்தது. கடன் சட்டம் பற்றிய பேச்சு ஊரெல்லாம் இருந்திருக்கும். பாட்டனார் நாளிதழ் வாங்கிப் படிப்பவர். அவர் அவசரப்படுத்தினாரா, தற்செயலா என்பதைப் பத்திரம் சொல்லவில்லை. அவர் கூட்டலில் பிழை செய்யாதவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மாமாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அந்தக் காலத்துல எல்லாரும் செஞ்சதுதானே. இப்ப அதை வெளியில சொல்லி என்ன ஆகப் போவுது? ஐயாவுக்கு ஊர்ல ஒரு பேர் இருக்கு. கொளுத்திப் போட்ரு மாப்ளே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எண்பத்து மூன்று வயதில் தகப்பனின் பெயரைத் தவிர வேறு சொத்தில்லாதவர். நான் மறுத்துப் பேசவில்லை. கொளுத்தவும் இல்லை.

ஒரு மாதம் யோசித்தபின் அந்த ஆசிரிய நண்பரை இராமநாதபுரத்தில் அவர் வீட்டில் சந்தித்தேன். இரண்டு காகிதங்களின் நகல்களையும் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. "எங்க அப்பா சாகுற வரைக்கும் தாத்தாவைத் திட்டிக்கிட்டே இருந்தார். குடிச்சுக் குடிச்சுக் காட்டை வித்துட்டான்னு. தாத்தா குடிப்பார், அது உண்மைதான். ஆனா வித்தது அதனால இல்ல போலருக்கே." பிறகு அந்தப் பெருவிரல் ரேகையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "அவர் போட்டோ ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல" என்றார். அசல் பத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். என்னிடம்தான் என்றேன். பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். திருப்பிக் கொடு என்று கேட்பார் என்றே நான் அஞ்சியிருந்தேன். அவர் கேட்காதது எனக்கு இன்னும் பாரமாகிவிட்டது.

எங்கள் வீடும் அவர்கள் வீடும் எண்பது ஆண்டுகளாக ஒரே பொய்யைப் பகிர்ந்து கொண்டிருந்தன. எங்களுக்கு அது பெருமையாகவும் அவர்களுக்கு அவமானமாகவும் இருந்தது என்பதுதான் வித்தியாசம். பெட்டி எடைக்குப் போயிருந்தால் அந்தப் பொய் இன்னும் இரண்டு தலைமுறை நிம்மதியாக வாழ்ந்திருக்கும்.

இப்போது என் முன் உள்ள கேள்வி, பெட்டியை என்ன செய்வது என்பது. வழிகள் இல்லாமல் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் அவர் மறைவுக்குப் பின் சென்னையில் 1994இல் ஒரு நூலகமாக நிலைபெற்றதை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, 1650 முதல் 1950 வரையிலான தமிழ்நாட்டு வேளாண் ஆவணங்களையும் ஊர்ப் பஞ்சாயத்து ஆவணங்களையும் வீடுவீடாகத் தேடி மின்படியாக்கியிருக்கிறார்கள். அசல் உரியவர் வீட்டிலேயே இருக்கும். படி உலகத்துக்குக் கிடைக்கும். குடும்பங்களின் தயக்கத்தை அறிந்து செய்த ஏற்பாடு என்று தோன்றுகிறது. ஆனால் "உரியவர்" என்ற சொல்லில்தான் நான் தடுக்கி நிற்கிறேன். பெட்டி எங்களுடையது. அதற்குள் இருக்கும் பெருவிரல்கள் எங்களுடையவை அல்ல.

மாமா உயிரோடு இருக்கும்வரை எதையும் வெளியே கொடுப்பதில்லை என்று இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறேன். இது கோழைத்தனம் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள்; இருக்கலாம். பெயர்களை மறைத்து இதை எழுதுவதும் அந்தக் கோழைத்தனத்தின் ஒரு பகுதியே. இதற்கிடையில் நான் செய்திருக்கும் ஒரே காரியம் புரோநோட்டுகள் முழுவதையும் படமெடுத்ததுதான். மொத்தம் நூற்று நாற்பத்தொரு ரேகைகள். பேரேட்டோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் பெயரும் ஊரும் எழுதி வருகிறேன். இதுவரை முப்பத்தெட்டு முடிந்திருக்கிறது. பன்னிரண்டு பேரின் சந்ததியார் இன்ன ஊரில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

சென்ற வாரம் பெட்டியில் புதிதாக வேப்பிலை போட்டேன். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் காகிதங்களில் என்ன இருக்கிறது என்பதை அறியாமலேதான் அவர் அத்தனை ஆண்டுகள் காத்து வைத்திருந்தார்.